மவுண்ட் வாஷிங்டனில் வசந்தகால மலையேற்றம்: பாதை நிலைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் இருக்கிறது மவுண்ட் வாஷிங்டன். உயரம் 6,288 அடி, அதாவது 1,917 மீட்டர். வடகிழக்கு அமெரிக்காவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. பாஸ்டனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் என்பதால், அந்தப் பக்கம் வாழும் தமிழர்கள் பலரும் குளிர் விட்டவுடன் முதலில் நினைப்பது இந்த மலையைத்தான். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை இங்கே ஏற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஏப்ரல், மே மாதங்களில் உச்சிக்கு ஏற முடியுமா?

முடியும். நிறையப் பேர் ஏறுகிறார்கள். ஆனால் அன்று எந்தப் பருவத்தில் நடக்கப் போகிறீர்கள் என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

பெரும்பாலானவர்கள் ஏறத் தொடங்கும் பிங்கம் நாட்ச் என்ற மலைக் கணவாய் 2,032 அடியில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 4,200 அடிக்கு மேல் ஏற வேண்டும். ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குளிர் கூடும் என்று வைத்துக்கொண்டால், கார் நிறுத்துமிடத்தில் 50 டிகிரி இருக்கும்போது உச்சியில் 35 டிகிரிதான் இருக்கும். இது காற்றைக் கணக்கில் சேர்க்காமல். மே மாதத்தில்கூட உச்சியின் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. பதிவுகள் தொடங்கிய நாளிலிருந்து அங்கே எட்டிய அதிகபட்ச வெப்பமே 72 டிகிரி ஃபாரன்ஹீட்தான், அதாவது 22 செல்சியஸ். வருடத்தின் எந்த மாதத்திலும் அங்கே பனி விழலாம்.

அதனால் மே மாதக் கடைசி நீண்ட விடுமுறைக்கு டி-ஷர்ட்டும் ஓட்டப்பயிற்சி ஷூவுமாக வந்து இறங்குபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவர்கள் கிளம்பும் இடத்தில் வெயில் அடிக்கும். இரண்டு மணி நேரம் நடந்தால் முழங்கால் அளவுப் பனி.

பாதையில் என்னென்ன இருக்கும்?

கீழிருந்து மேலே போகப் போக நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். முதலில் சேறும் பாதையிலேயே ஓடும் தண்ணீரும். கொஞ்சம் ஏறியதும் ஆங்காங்கே பனித் திட்டுகள். அப்புறம் வருவதுதான் வசந்தகாலத்துக்கே உரிய தொல்லை. குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி மட்டும் கெட்டியாகி இருக்கும். இரண்டு பக்கமும் பனி உருகிய பிறகும் அந்த நடுப்பகுதி ஒரு குறுகிய மேடாக நீண்டு கிடக்கும். இங்கே ஏறுபவர்கள் இதை ‘மோனோரெயில்’ என்பார்கள். அதன் மேலேயே கால் வைத்து நடந்தால் நல்லது. ஒரு அடி விலகினால் தொடை வரை புதைந்துவிடும்.

அப்படிப் புதைவது வெறும் சிரமம் மட்டும் இல்லை. பனிக்கு அடியில் பாறை இடுக்கோ மரவேரோ இருந்தால், உடம்பு முன்னே போகும், கால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முழங்கால் திருகிக்கொள்வது இப்படித்தான். குட்டையான ஸ்ப்ரூஸ் மரங்களைச் சுற்றி இன்னொரு பொறி இருக்கிறது. கீழ்க் கிளைகள் பனியைத் தாங்கி நிற்பதால் அடியில் வெற்றிடம் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பாதையை விட்டு விலகி மரத்தடியில் போய் நின்றால் ஆள் உள்ளே போய்விடலாம்.

இது எல்லாம் எந்த நேரத்தில் நடக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. முந்தின இரவு உறைநிலைக்குக் கீழே போயிருந்தால், காலையில் பனியின் மேற்பரப்பு கெட்டியாக ஆளைத் தாங்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் வெயில் பட்டு ஈரச் சர்க்கரை மாதிரி நொறுங்கத் தொடங்கும். இரவு உறையவே இல்லை என்றால் காலை ஆறு மணிக்கே அந்த நிலைமைதான். ஆகவே பகல் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட முந்தின இரவு எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது அதிகம் உதவும்.

ஓடைகளுக்கும் இதே கணக்குதான். இரவில் உருகல் குறைவதால் காலையில் தண்ணீர் தணிந்திருக்கும், மாலையில் பெருகிவிடும். காலையில் கல் விட்டுக் கல் தாவிக் கடந்த ஓடையைத் திரும்பும்போது கடக்கவே முடியாமல் போகலாம். முந்தின நாள் மழை பெய்து பனியும் உருகியிருந்தால், ஓடையைக் கடக்க வேண்டிய பாதைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மரங்கள் முடியும் உயரம் ஏறக்குறைய 4,500 அடி. அதற்கு மேல் பாறைக் குவியல்கள், நடுநடுவே பனி வயல்கள், பாறை மேல் மெல்லிய ஐஸ் படலம். மேகத்துக்குள் இருக்கும் நாள்களில் காற்றடிக்கும் பக்கம் முழுக்க வெண்மையாக உறைந்திருக்கும்.

டக்கர்மன் ரவீன் வழியாக நேரே உச்சிக்குப் போகலாமா?

வசந்தகாலத்தில் பெரும்பாலும் போக முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ரவீன் என்றால் மலைச்சரிவில் குடைந்த ஆழமான பள்ளம். டக்கர்மன் ரவீன் பாதை பிங்கம் நாட்ச்சிலிருந்து உச்சிக்கு 4.2 மைல். இணையத்தில் தேடினால் முதலில் வருவதும் இதுதான், கோடையில் மிகப் பிரபலமான வழியும் இதுதான். முதல் 2.4 மைல், ஹெர்மிட் லேக் வரை, அகலமான பாதை. அதற்கு அப்புறம் பாதை ஒரு பிரமாண்டமான கிண்ணத்துக்குள் நுழைந்து, ஹெட்வால் என்கிற செங்குத்துச் சரிவில் ஏறுகிறது. குளிர்காலம் முழுக்க உச்சியின் மேல் வீசும் காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கிண்ணத்தில்தான் கொட்டுகிறது. அதனால்தான் மலையின் மற்ற பக்கங்கள் காய்ந்த பிறகும் இங்கே பனி கிடக்கிறது, ஜூனில்கூட இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு இங்கே கூட்டமாக ஏறுவது பல தலைமுறைப் பழக்கம்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து ‘இத்தனை பேர் போகிறார்களே’ என்று பின்னாலேயே போகாதீர்கள். உருகும் பருவத்தில் ஹெட்வாலில் மூன்று ஆபத்துகள் ஒரே நேரத்தில் உருவாகின்றன. பனி மொத்தமாகக் கீழே நகர்வதால் ஆழமான பிளவுகள் விழுகின்றன, அவற்றின் மேல் மெல்லிய பனி மூடி மறைத்திருக்கும். அடியில் ஓடும் தண்ணீர் பனியை உள்ளிருந்து குடைந்துவிடுகிறது. மேற்பரப்பு முழுசாகத் தெரியும், கால் வைத்தால் அருவிக்குள் விழ வேண்டியதுதான். மூன்றாவது, சுவரில் தொங்கும் ஐஸ் பாளங்கள் உடைந்து விழுவது. சில பாளங்கள் கார் அளவுக்கு இருக்கும். எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வலது பக்கம் லஞ்ச் ராக்ஸ் என்று ஒரு பாறைக் கூட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தோன்றும், ஆனால் அது ஐஸ் விழும் வழியிலேயே இருக்கிறது.

இந்தக் காரணங்களால்தான் வனத்துறை ஒவ்வொரு வசந்தகாலத்திலும் லஞ்ச் ராக்ஸ் பகுதிக்கு மேலே பாதையின் ஒரு பகுதியை அதிகாரபூர்வமாக மூடுகிறது. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, சறுக்கவும் கூடாது. பனி உருகித் தீரும் வரை இது தொடரும். வேறு வழியாக உச்சிக்குப் போனவர்கள் இறங்கும்போது ‘இது குறுக்கு வழி’ என்று இதற்குள் வந்துவிடுவதும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது இன்னும் மோசம்.

ஹெர்மிட் லேக் வரை மட்டும் போய், அங்கே நின்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அருமையான ஒரு நாள் நடை. உச்சியைத் தொடாத நாள் வீணான நாள் என்று நினைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எந்த வழி?

கிழக்குப் பக்கத்தில் லயன் ஹெட். இதற்குக் குளிர்கால வழி, கோடைகால வழி என்று இரண்டு உண்டு. கோடை வழி ஒரு பனிச்சரிவுத் தடத்தைக் குறுக்காகக் கடக்கிறது. அதில் பனி சேர்ந்ததும் அதற்குப் பதிலாக, செங்குத்தாக ஏறும் குளிர்கால வழியைத் திறப்பார்கள். வசந்தத்தில் பனி குறைந்ததும் மறுபடி கோடை வழிக்கு மாற்றுவார்கள். இந்த மாற்றம் வருடத்துக்கு வருடம் வேறு தேதியில் நடக்கும். பிங்கம் நாட்ச் பார்வையாளர் மையத்தில் கேட்டால் அன்றைய நிலைமையைச் சொல்வார்கள். கிளம்பும் முன் அங்கே ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

மேற்குப் பக்கத்தில் ஜுவல் பாதையும் அம்மோனூசக் ரவீன் பாதையும். இரண்டில் ஏப்ரல், மே மாதங்களுக்கு நான் ஜுவலையே சொல்வேன். அது கொஞ்சம் நீளம், ஆனால் சரிவு சீராக இருக்கும். அம்மோனூசக்கில் ஓடைகளைக் கடக்க வேண்டும். மேல் பாதியில் தண்ணீர் வழியும் பாறைப் பலகைகள் மே மாதத்திலும் ஐஸாக இருக்கும், ஏறும்போது சமாளித்தாலும் இறங்கும்போது கஷ்டம். ஜுவலின் குறை, மரங்கள் முடிந்த பிறகு வெகுதூரம் காற்றில் நடக்க வேண்டும் என்பது.

ஹண்டிங்டன் ரவீன் பக்கம் இந்தப் பருவத்தில் போகவே வேண்டாம். அது பனியேற்றப் பயிற்சி உள்ளவர்களுக்கானது.

மைக்ரோஸ்பைக்ஸ் இருந்தால் போதாதா?

மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ஷூவின் மேல் ரப்பர் பட்டையால் மாட்டும் சிறு உலோகப் பற்கள். காட்டுப் பாதையில் கெட்டிப்பட்ட பனிக்கும் ஐஸுக்கும் அது போதும். ஜூன் முதல் வாரம் வரை பையில் கட்டாயம் இருக்க வேண்டும். புதையும் நாள்களில், காலில் மாட்டும் அகலமான பனித்தட்டான ஸ்னோஷூவும் தேவை.

செங்குத்தான சரிவில் மைக்ரோஸ்பைக்ஸ் போதாது. அதன் சிறு பற்கள் கெட்டிப் பனியில் ஆழமாக இறங்காது, ரப்பர் பட்டையும் நழுவும். காலை வேளையில் உறைந்திருக்கும் சரிவில் சறுக்கினால் நிற்க வழியில்லை, பல நூறு அடி போய்ப் பாறையிலோ மரத்திலோ மோதித்தான் நிற்போம். காட்டுப் பாதைக்கு நல்லதாக இருக்கும் அதே காலை உறைவு சரிவில் எமனாகிவிடுகிறது. அங்கே கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் நீண்ட உலோக முட்கள்), ஐஸ் கோடரி, ஹெல்மெட் மூன்றும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும். கடையில் வாங்கிய ஐஸ் கோடரியைப் பையில் செருகிக்கொண்டு போவதால் ஒரு பயனும் இல்லை. விழும்போது அதைக் குத்தி உடம்பை நிறுத்தும் வித்தையை ஒரு வழிகாட்டியிடம் நேரில் கற்க வேண்டும்.

உட்கார்ந்து சறுக்கி இறங்கும் ஆசை வந்தால், முதலில் கிராம்பானைக் கழற்றுங்கள். அதன் முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறிந்துவிடும்.

வானிலையை எங்கே பார்ப்பது?

கைபேசியில் ஊர் பெயர் போட்டு வரும் வானிலை பள்ளத்தாக்குக்கானது. அதை நம்பி மேலே போகாதீர்கள். உச்சியில் 1932 முதல் ஆட்கள் தங்கி வேலை செய்யும் மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம், உயர் சிகரங்களுக்கென்றே தனி முன்னறிவிப்பை தினமும் வெளியிடுகிறது. காற்றின் வேகம், மேகம், குளிர் மூன்றையும் அதில் பாருங்கள்.

மூன்றில் முதலில் காற்று. இங்கே 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது உலக சாதனையாக இருந்தது. அது நடந்தது ஏப்ரலில் என்பதைக் கவனியுங்கள். 40 மைல் காற்றில் பேச்சு கேட்காது, நடை தள்ளாடும். 60க்கு மேல் ஆளையே சாய்க்கும். உச்சியில் 50 மைலுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் மரங்கள் முடியும் இடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது மேகம். வருடத்தில் ஏறக்குறைய 60 சதவீத நேரம் உச்சி மேகத்துக்குள்தான் இருக்கிறது. பனி வயலும் மேகமும் சேர்ந்தால் எல்லாம் ஒரே வெள்ளை. வழிகாட்டும் கல் குவியல்கள்கூடத் தெரியாது. திரும்பும்போது திசை தவறி ரவீன் விளிம்புக்குப் போய் நிற்பது இப்படித்தான். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்துப் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் காகிதத்தில் வைத்திருங்கள். குளிரில் கைபேசியின் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

இவற்றோடு மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையத்தின் அறிக்கையையும் பாருங்கள். பருவத்தின் கடைசியில் அவர்கள் தினசரி அறிக்கையை நிறுத்திவிட்டு, பொதுவான எச்சரிக்கை ஒன்றைப் போட்டுவிடுவார்கள். தினசரி அறிக்கை நின்றுவிட்டது என்பதால் ஆபத்தும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடியற்காலையில். கோடையில் ஏறவே நான்கைந்து மணி நேரம் ஆகும், பனியில் அதைவிடக் கூடும். கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் கூட வருபவர்களோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். மதியம் ஒரு மணி என்று வைத்தால், ஒரு மணிக்கு உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். குழுவில் யாராவது ஒருவர் ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்றால் விவாதம் செய்யாமல் எல்லோரும் இறங்குங்கள். நம்மவர்களில் பலர் மற்றவர்களின் நாளைக் கெடுக்கக் கூடாதே என்று குளிரையும் களைப்பையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் அடிக்கடி கேளுங்கள்.

என்ன உடுத்துவது?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதற்கு உறைநிலைக்குக் கீழே குளிர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன் மேல் கதகதப்பான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட்டும் பேன்ட்டும். இரண்டு ஜோடி கையுறை, தொப்பி, மாற்றுக் காலுறை, தலையில் மாட்டும் விளக்கு. தண்ணீர் புகாத பூட்ஸ். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி.

சேற்றைச் சுற்றி ஓரமாகப் போகலாமா?

கூடாது, நடுவிலேயே இறங்கிப் போங்கள். ஒவ்வொருவரும் ஓரமாக விலகினால் பாதை வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போகும், ஓரத்துச் செடிகள் சாகும். பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில் இந்தக் காரணத்துக்காகவே, சேறு காயும் வரை, ஏறக்குறைய மே மாதக் கடைசி விடுமுறை வரை, உயரமான மலைப் பாதைகளுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இங்கே பாதைகளை அப்படி மொத்தமாக மூடுவதில்லை. ஆனால் சில வனச்சாலைகளின் கேட்டுகள் மே மாதம் வரை பூட்டியிருக்கும்.

மரங்களுக்கு மேலே இன்னும் கவனம் வேண்டும். பாறைகளுக்கு நடுவே தரையோடு ஒட்டிக் கிடக்கும் செடிகள் மிதித்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற சிறிய மஞ்சள் பூச்செடி உலகத்திலேயே கிட்டத்தட்ட இந்த மலைகளில் மட்டும்தான் வளர்கிறது. நடப்பவர்களின் காலடியில் அழியும் நிலைக்குப் போனது. பாதையை வேறு பக்கம் திருப்பிவிட்டுப் பாதுகாத்ததால் பிழைத்து, 2002ஆம் ஆண்டு அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மலைப் பூக்களைப் பார்க்க ஆசை இருந்தால் ஜூன் முதல் பாதியில் வாருங்கள், பாறை மேலேயே கால் வைத்து நடங்கள்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உச்சியைக் காட்ட வழி உண்டா?

உண்டு. 1861இல் திறந்த ஆட்டோ ரோடு 7.6 மைல் நீளம், காரிலேயே உச்சிக்குப் போகலாம். 1869 முதல் ஓடும் பல்சக்கர ரயில் மேற்குப் பக்கத்திலிருந்து ஏறுகிறது. இரண்டும் மே மாதத்தில் உச்சி வரை போகுமா, பாதி வரைதானா என்பது பனியைப் பொறுத்தது. முன்கூட்டியே பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பெரியவர்களுக்குக் கனமான கோட்டும் குல்லாவும் கட்டாயம். ஜூன் கடைசியில் வந்தால் இன்னும் நிம்மதி.

நடந்து ஏறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சியில் இருக்கும் கட்டிடம் மே நடுப்பகுதிக்கு முன் பெரும்பாலும் பூட்டியிருக்கும், லேக்ஸ் ஆஃப் த க்ளவுட்ஸ் விடுதி ஜூனில்தான் திறக்கும். மேலே போனால் ஒதுங்க இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் கிளம்பாதீர்கள்.

இப்போதைக்கு வேறு எங்கே போகலாம்?

வெல்ச்-டிக்கி சுற்றுப் பாதை மே மாதத்துக்கு மிகப் பொருத்தம். 2,700 அடிதான், வெயில் படும் வெற்றுப் பாறைகள் என்பதால் சீக்கிரம் காயும், ஈரமாக இருந்தால் மட்டும் வழுக்கும். கிராஃபர்ட் நாட்ச்சில் மவுண்ட் வில்லர்ட் குழந்தைகளோடு போகலாம், குறைந்த ஏற்றத்துக்குப் பெரிய காட்சி கிடைக்கும். தெற்கே மவுண்ட் மொனாட்னாக் 3,165 அடி, அங்கே பனி முன்னதாகவே போய்விடும். அருவி பார்க்க அரெதூசா. பனி உருகும் பருவத்தில்தான் அது முழு வேகத்தில் கொட்டும்.

மாட்டிக்கொண்டால் யார் வருவார்கள்? பணம் கட்ட வேண்டுமா?

911 அழையுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். காட்டிலும் மலையிலும் மீட்புக்கு மாநில மீன், வனவிலங்குத் துறை பொறுப்பு. அவர்களோடு தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து இரவிலும் மழையிலும் தூக்குப் படுக்கையைச் சுமந்து வருகிறார்கள். உதவி வந்து சேரவே பல மணி நேரம் ஆகும்.

கவனக்குறைவால் நேர்ந்தது என்று தெரிந்தால் மீட்புச் செலவை உங்களிடம் கேட்கச் சட்டம் இருக்கிறது. ‘ஹைக் சேஃப்’ அட்டை வாங்கினால், ஒருவருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர், அந்தச் செலவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தெரிந்தே பொறுப்பில்லாமல் நடந்துகொண்டால் அட்டை காப்பாற்றாது. அந்தப் பணம் மீட்பு வேலைக்கே போகிறது என்பதால், மலைக்குப் போகாத வருடமும் வாங்கலாம் என்பேன்.

பனி எப்போது முழுசாகப் போகும்?

லயன் ஹெட், ஜுவல் பாதைகள் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதிக்குள் காய்ந்துவிடும். டக்கர்மன் கிண்ணத்தில் அதற்கு அப்புறமும் இருக்கும். முதல்முறை ஏறுபவர்கள், பனி அனுபவம் இல்லாதவர்கள் ஜூலை வரை பொறுத்திருந்து வருவது நல்லது.

பூச்சிக்கடி உண்டா?

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முழுக்க கருப்பு ஈ. காதோரத்திலும் கழுத்திலும் கடித்து ரத்தம் வரவழைக்கும், தலைக்கு மாட்டும் வலை பத்து டாலருக்குள் கிடைக்கும். அதைவிட முக்கியம் மான் உண்ணி. பனி உருகிய அடிவாரப் புல்லிலும் சருகிலும் ஏப்ரலிலேயே வந்துவிடும், லைம் நோயைப் பரப்பும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். காரில் ஏறும் முன்னும், வீட்டில் குளிக்கும்போதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.